புவனா அக்கா கேட்டு எழுதிய பாதை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புவனா அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, "அப்பாடா, அந்த முப்பத்தெட்டுப் படிவக் கதை இனி வெளியே வராது" என்பதுதான். அப்புறம் அழுதேன். அழுது முடித்ததும் அந்தக் கதையை எழுத நானே உட்கார்ந்துவிட்டேன். நமக்கு வாய் சும்மா இருக்காது.

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் மங்கரேயில் அக்காவை அறியாத தமிழர் யார்? விமானச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் அதிகாலை ஷிப்ட். முடிந்ததும் பெண்களைத் திரட்டிக்கொண்டு கடலோரப் பாதைக்கு வந்துவிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன், மலைச் சைக்கிள் மோகம் பரவிய புதிதில், மரப்பாலத்துக்கு அப்பாலுள்ள பாதையைச் சைக்கிளுக்கு மட்டும் ஒதுக்கலாமா என்று நகரசபை மக்களிடம் கருத்துக் கேட்டது. எங்களோடு நடக்கும், மலேசியாவிலிருந்து வந்த ரெஜினாவின் முகம் வாடிவிட்டது. இதய அறுவைக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குமேல் லாரி ஓடும் ரோடுதான்.

பாதையைக் காப்பாற்ற நான் கிளம்பினேன். கோயில் பிரசாத வரிசையில் முப்பத்தெட்டுப் பேரிடம் நகரசபையின் கருத்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். கருத்தை மட்டும் நானே எழுதினேன், எல்லாப் படிவத்திலும் அதே மூன்று வாக்கியம். நகரசபைப் பெண்மணி மிக மரியாதையாகப் போன் செய்து, முப்பத்தெட்டையும் ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பு விமான நிலையம்வரை கேட்டிருக்கும். "தம்பி, நீர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மகஜரல்லோ எழுதியிருக்கிறீர். அவையள் கேட்டது ஒவ்வொருத்தற்ற கதையை. ரெஜினாவின்ர நெஞ்சு நோவு உமக்கெப்பிடித் தெரியும்? எழுத முதல் கேளும்."

மறுநாளே, பாலத்துக்கு இந்தப் பக்கமுள்ள முதல் பெஞ்சில் பிளாஸ்க்கும் காகிதம் செருகிய கிளிப் அட்டையுமாக உட்கார்ந்துவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். சேறு தெறித்த சைக்கிள்காரன் ஒருவனையும் நிறுத்தினார்.

"அக்கா, அவன் எதிர்க்கட்சி!" என்றேன்.

"ஓம், எப்பிடியும் எங்களைப் பற்றி எழுதத்தான் போறான். எங்களுக்குச் சொல்லிப்போட்டு எழுதட்டன்."

நான்கு பேராகப் பாதையை அடைத்து நடக்கிறீர்கள், மணியடித்தாலும் கேட்பதில்லை என்று அவன் பொரிந்தான். அக்கா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உண்மைதானே? நீர் கதைக்கத் தொடங்கினா ரயில் வந்தாலும் கேக்காது."

பொதுக் கூட்டத்தில் அந்தச் சைக்கிள்காரனின் புகாரைத்தான் அவர் முதலில் வாசித்தார். சண்டைக்குத் தயாராக வந்திருந்த சைக்கிள் கூட்டம் கொண்டுவந்த புகார்த் தாள்களை மடித்து வைத்துக்கொண்டது. அடுத்து ரெஜினாவை எழுப்பிவிட்டார். ரெஜினா சொன்னது இவ்வளவுதான்: "மணியடித்தால் ஓரமாக நின்றுகொள்கிறேன். நான் நடந்தாக வேண்டும்." பாதை இருவருக்கும் பொதுவென்று முடிவாயிற்று. நடப்பவர் இடப்பக்கம் போக வேண்டும், சைக்கிள்காரர் மணியடிக்க வேண்டும். இன்றைக்கும் ரெஜினா பாலம் தாண்டி நடக்கிறார். அந்தச் சைக்கிள்காரன் கடக்கும்போது கையசைக்கிறான்.

அக்காவின் கிளிப் அட்டையை மகள் எனக்கே தந்துவிட்டார். அடுத்தவருக்காகப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் "எழுத முதல் கேளும்" என்ற குரலும் கூட வருகிறது. இந்தக் கட்டுரையைக்கூட ரெஜினாவிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

அட்டையில் அக்காவின் சொந்தப் படிவத்தின் நகலும் செருகியிருந்தது. பாதையில் எதுவரை நடப்பீர்கள் என்ற கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில்: "முதல் பெஞ்சுவரை. முழங்கால் நோவு."