அத்தை வீட்டு உப்புக் கடல்

லாரி பின்பக்கமாக அத்தை வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தது. தார்ப்பாயை அவிழ்த்துப் பின்கதவைத் தட்டித் திறந்ததும் சரசரவென்று முற்றம் முழுக்க வெள்ளையாகக் கொட்டியது. காலை வெயிலில் அது மின்னியதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். மதுரைக் கடையில் சொல்லிவைத்து, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்த வெள்ளைச் சலவைக்கல் ஜல்லி ஒருவழியாக வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஒரு கை அள்ளினேன். உள்ளங்கையில் இருந்த சின்னக் கீறல் சுரீரென்று எரிந்தது. "அத்தை, இது உப்பு!" என்று கத்தினேன். வராந்தாவில் நின்று லாரிக்காரருக்கு வழி காட்டிக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தெரியும்ளா. ஆறுமுகநேரியிலருந்து வார லாரில உப்பு வராம சர்க்கரையா வரும்?"

அத்தை என் அப்பாவின் அக்கா. சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளியில் பூகோள டீச்சராகச் சேர்ந்து, அதே பள்ளியில் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டில் தனியாக இருந்தார். மாமா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போனாலும் பள்ளிக்கூடக் குரல் அவரைவிட்டுப் போகவில்லை. பால்காரர், கேபிள்காரர், சர்ச்சிலிருந்து வரும் சபை ஐயர், யாராக இருந்தாலும் வரிசையில் நிற்கிற பிள்ளைகள்தான். அடுத்தவர் செய்த தப்பை ஆள் பார்க்காமல் சொல்வார். தன் தப்பு என்று ஒன்றை அவர் சொல்லி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகன், என் அத்தான், ஒசாகாவில் வேலை பார்க்கிறார். அங்கேயே ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதற்கப்புறம்தான் அம்மாவுக்குச் சொன்னார். அத்தை போனிலேயே, "அவளைக் கூட்டிக்கிட்டு என் வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டார். அத்தானும் அத்தைக்குப் பிறந்தவர்தானே, சொன்னபடி ஏறவில்லை. சில வருஷங்கள் அப்படியே போயின. பிறகு திடீரென்று ஒரு செய்தி வந்தது: கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வருகிறோம், ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறோம், முதலில் வீட்டு வாசலுக்கு வருவோம், அங்கே நிற்கும்போது அவளுக்கு மனசுக்குச் சரியென்று பட்டால் உள்ளே வந்து தங்குவோம், இல்லையென்றால் அப்படியே ஹோட்டலுக்குப் போய்விடுவோம்.

இதற்கு யாராக இருந்தாலும் என்ன பதில் அனுப்புவார்கள்? 'வாங்க, நான் அன்றைக்குப் பேசியது தப்பு' என்று ஒரு வரி. அத்தை அந்த வரியை எழுதவில்லை. எனக்குப் போன் போட்டார். "ஏளா, நீ கட்டடம் கட்டத்தானே படிச்சிருக்க. நம்ம முற்றத்துல ஒரு ஜப்பான் தோட்டம் போடணும். கிறிஸ்துமஸுக்குள்ள முடியணும்."

நான் அப்போதுதான் கட்டடக்கலை முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஜப்பானியத் தோட்டம் என்றால் எனக்குப் பைத்தியம். நூலகத்திலும் இணையத்திலும் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை. வேண்டாம் என்று சொல்வேனா? மறுநாளே பஸ் ஏறி வந்து, அத்தையை வராந்தாவில் உட்காரவைத்து ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஆதியில் அங்கே ஏதாவது ஒரு பெரிய பாறையையோ மரத்தையோ தெய்வம் இறங்கும் இடம் என்று வைத்து, சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல்லைப் பரப்பி, வேறு எதுவும் இல்லாமல் சுத்தமாக வைத்திருந்தார்கள். பிறகு சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் குளமும் தீவும் வந்தன. சாவே இல்லாதவர்கள் வாழும் தீவுகள் கடலில் எங்கேயோ இருக்கின்றன என்று சீனர்கள் நம்பியதை, ஜப்பானியப் பிரபுக்கள் தங்கள் வீட்டுக் குளத்தில் செய்துவைத்துப் படகில் சுற்றினார்கள். அப்புறம் ஜென் மடங்களில் தண்ணீரே இல்லாத தோட்டம் வந்தது. ஜல்லிதான் கடல், பாறைதான் தீவு, ஜல்லியில் இழுத்த கோடுகள்தான் அலை. உள்ளே யாரும் நடக்கக் கூடாது. வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மடத்துக்கெல்லாம் மருமக வரமாட்டா. இங்கன வாரா. ஓரத்துல நாலு ரோஜாத் தொட்டி வையி" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. குவாரியிலிருந்து கற்கள் வந்தன. ஒவ்வொரு கல்லையும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புதைக்க வேண்டும், அப்போதுதான் அது மண்ணுக்குள்ளிருந்து முளைத்தது மாதிரி தெரியும் என்றேன். "காசு கொடுத்த கல்லை எதுக்குப் புதைக்கணும்?" என்று கேட்டார். கற்கள் ஒற்றைப்படையில், கோணல்மாணலாக இருக்க வேண்டும் என்றேன். பிரேயருக்கு நிற்கிற மாதிரி இரண்டு வரிசையில் நிறுத்தப் பார்த்தார். போகட்டும், கல்தான் தீவு என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் பாருங்கள், அதுதான் வினையாகப் போனது. பூகோள டீச்சர் விழித்துக்கொண்டார். "தீவுன்னா எந்தத் தீவு?" எந்தத் தீவும் இல்லை அத்தை, சும்மா தீவு. "சும்மா தீவுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுளா." மறுநாள் காலையில் பார்த்தால் மன்னார் வளைகுடா வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கற்களை எல்லாம் ஆள் விட்டு நகர்த்தியிருந்தார். முயல் தீவு துறைமுகத்துக்குப் பக்கத்தில் வரவேண்டுமாம். துறைமுகம் எங்கே என்றேன். தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். ஒவ்வொரு கல்லிலும் பெயிண்டில் பெயர் எழுதுவதைத் தடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி பலசரக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் ஒருநாள், "ஏ தாயி, இது என்னது?" என்று கேட்டார். கடல், அண்ணாச்சி என்றேன். அவர் கிழக்கே ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "கடலு அங்கன கிடக்கு. நடந்து போனா காலை நனைச்சிட்டு வந்துரலாம். இங்கன எதுக்கு ஒண்ணு?" எனக்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் பொறுமை இல்லை.

இந்த நிலையில்தான் ஜல்லி வரத் தாமதமானது, உப்பு வந்தது. அத்தையிடம் படித்தவர் ஒருவருக்கு ஆறுமுகநேரியில் உப்பளம். டீச்சர் கேட்டால் மாட்டேன் என்பாரா? "வெள்ளையா இருக்கு, பொடிக்கல்லு மாதிரி இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?" என்றார் அத்தை. மழை பெய்தால் கரைந்துவிடும் என்றேன். "தூத்துக்குடியில மழையா!" உப்பளத்தில் உப்பு இழுக்கிற நீளக்கைப் பலகையையும் அவர்களே கொடுத்துவிட்டிருந்தார்கள். அதில் பல் வெட்டி நான் கோடு இழுத்தேன். வெறுப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அழகாக இருந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கோடும் நிஜ அலை மாதிரி மின்னியது. சலவைக்கல்லில் அது வந்திருக்காது. அண்ணாச்சி மட்டும், "உப்பைக் காலால மிதிக்கக் கூடாது டீச்சரம்மா, லெச்சுமி" என்றார். "அது உங்க நம்பிக்கை அண்ணாச்சி, நாங்க அதெல்லாம் பாக்கது இல்ல" என்று அத்தை முடித்துவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மழை பெய்தது. பெருமழை இல்லை, தூறல்தான். அதற்கே அலைகள் படுத்துவிட்டன. உப்பு கஞ்சியாகி, பிறகு வெயில் வந்ததும் மேலே ஓடு கட்டி இறுகிவிட்டது. கரைந்தது கேட்டுக்கு அடியில் வழிந்து தெருவுக்குப் போனது. தெருவில் இருந்த ஆடுகளெல்லாம் மோப்பம் பிடித்து வந்து அத்தை வீட்டுக் கேட்டை நக்கிக்கொண்டு நின்றன. ஒன்று எப்படியோ உள்ளே புகுந்து முயல் தீவைச் சுற்றி நக்கிக்கொண்டிருந்தது. அதைத் துரத்திவிட்டு வந்து, இறுகின உப்பை எப்படி உடைப்பது என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஜப்பானில் உப்பு தீட்டு கழிக்கிற பொருள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் மேலே தூவிக்கொள்வார்கள். அது மட்டும் இல்லை. வேண்டாத விருந்தாளி ஒருவர் வந்துவிட்டுப் போனால், இனி இந்தப் பக்கம் வராதே என்று வாசலில் உப்பை அள்ளி எறிவார்கள்.

வாசப்படி ஏறாதே என்று சொன்ன மாமியார், ஒரு லாரி உப்பைக் கொட்டி வரவேற்கிறார். அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அள்ளிருவோமா?" என்றார்.

"கடப்பாரை வேணும் அத்தை. காலைக்குள்ள ஆகாது."

"அப்ப நான் அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கிடுதேன். இங்கிலீஷ்ல. இது வறண்ட நிலத் தோட்டம், நீ சொன்னியே மடம், கொரியா, எல்லாம்…"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தை, அவங்க கொரியாவைப் பத்திக் கேக்கவா அவ்வளவு தூரத்துலருந்து வாராங்க? அன்னைக்குப் பேசுனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

"இவ்வளவும் பின்ன எதுக்குளா செஞ்சேன்? இதைவிட எப்படிச் சொல்லணும்?"

"வாயால."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. அத்தான் இறங்கினார், அவர் மனைவி இறங்கினார். பெட்டிகளை இறக்கவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். டிரைவர் இன்ஜினை அணைக்கவும் இல்லை. அந்தப் பெண் கேட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தார், நின்றார், குனிந்து விரலால் தொட்டார், நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அத்தானின் முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, இது உங்களுக்கே நல்லாயிருக்கா? இவ்வளவு தூரம் வந்தவளுக்கு…" என்று ஆரம்பித்தார்.

அத்தை கஞ்சி போட்ட சேலையில் வராந்தாப் படியில் நின்றுகொண்டிருந்தார். "திஸ் இஸ் எ ட்ரை லேண்ட்ஸ்கேப்" என்று பள்ளி ஆண்டு விழாக் குரலில் தொடங்கினார். அதோடு நிறுத்திவிட்டார். மறுபடியும் வாயைத் திறந்தபோது வந்தது தமிழ், அதுவும் எனக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில்.

"ஏலே, அவகிட்ட சொல்லு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவ முகத்தைக்கூட பாக்காம சொன்னேன், தப்பு. இந்த உப்பு… அர்த்தம் தெரியாம வாங்கிட்டேன். அவளை வரவேண்டாம்னு இல்ல. அவ வரணும்னுதான்."

அத்தான் திரும்பி, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்து கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, முற்றத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். ஏதோ கேட்டார். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விருந்தாளி போனதுக்கப்புறம்தான் எறியணுமாம்மா. வாரதுக்கு முன்னாடியே இவ்வளவையும் எறிஞ்சிட்டீங்கன்னா, போகும்போது எறிய மிச்சம் இருக்காதே, நான் எப்படிப் போறதுன்னு கேக்கா."

"அப்ப போக வேண்டாம்னு சொல்லு. காரை அனுப்பு, பெட்டியை இறக்கு" என்றார் அத்தை. பழைய குரல் திரும்பிவிட்டது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரத்தில் நான் பாடுபட்டுப் போட்ட நடைகற்களை விட்டுவிட்டு, நேராகக் கடலுக்குள் இறங்கி, உப்பு ஓட்டை நொறுக்கிக்கொண்டு படிக்கு நடந்து வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து அத்தையும் இறங்கிவிட்டார். உள்ளே யாரும் நடக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அந்த முற்றத்தில் இன்றுவரை ஒரு புல்கூட முளைக்கவில்லை. அத்தையும் அங்கே பாதி வருஷம் இருப்பதில்லை, மகன் வீட்டுக்கு ஒசாகா போய்விடுகிறார். போன வாரம் கியோட்டோவிலிருந்து வீடியோ காலில் வந்தார். நான் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய ஜென் கோயில் தோட்டத்தின் எதிரே, மர வராந்தாவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, இங்கன பதினஞ்சு கல்லுன்னு இவ சொல்லுதா. நான் எண்ணிட்டேன், பதினாலுதான் இருக்கு. நகர்ந்து உக்காந்தும் எண்ணிட்டேன்."

"எங்க உக்காந்தாலும் ஒண்ணு மறைஞ்சிருக்கும் அத்தை. அப்படித்தான் அமைச்சிருக்காங்க. அதுதான் அதோட அழகே."

"என்ன அழகு? இருக்கிறதை ஒளிச்சு வச்சா வாரவங்களுக்கு எப்படிளா தெரியும்? வெளிய எடுத்து வச்சிர வேண்டியதுதானே?"

இதை யார் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து "மாமி, மாமி" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "ஏளா, இரு, டீ குடிக்கக் கூப்பிடுதா" என்று அத்தை போனை வைத்துவிட்டார்.