ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம்

இராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, காதோரமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போயின. நான் கை காட்டவில்லை. கண்ணாடிக்கடை பாயிடம் ஒரே ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்தது. பெரிய மீன்தொட்டியை ஒட்ட வேண்டாம் என்பதுதான் அது. போனில் சொல்ல மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. "நீ நேர்ல போய்ச் சொல்லிருலே" என்றார். அப்புறம், "அப்படியே எங்கயாச்சும் தங்கிக்கிடு. இங்க இனி ஒனக்குச் செவுரு இல்ல" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கம்பம், திருப்பூர், கொல்லம் என்று அலைந்தவன் நான். போகச் சொன்னால் போய்விடுவது எனக்குப் பழக்கம். அன்றைக்குக் கால் மெதுவாகத்தான் போனது.

மேஸ்திரி வீடு கட்டுகிறவர். அவரிடம் சித்தாளாகச் சேர்ந்து, அவர் வீட்டுப் பின்னறையிலேயே படுத்துக்கொண்டேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். பக்கவாதம் வந்து கூடத்தில் கட்டிலோடு கிடந்தார். பேச்சு பாதிதான் வரும். முதுகு புண்ணாகாமல் இருக்க அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கனத்த உடம்பு, மேஸ்திரி தோளைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிப்பேன். ஒரு பக்கம் திரும்பினால் தெருப்பக்கச் சுவர். மறுபக்கம் திரும்பினால் என் அறையின் சுவர். இரண்டும் ஒரே வெள்ளைதான். "எம்புட்டு நேரம் அவ சுண்ணாம்பையே பாத்துக்கிட்டு கெடப்பா?" என்று மேஸ்திரி ஒருநாள் சொன்னார். அடுத்த வாரம் வேலையாக மதுரைக்குப் போனவர், பிளாஸ்டிக் பையில் ஆறு மீன்களோடு வந்தார். அரை விரல் நீளம், வயிற்றில் லேசான சிவப்பு. பிரானா என்றார், கடிக்கிற சாதி.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாய்க்குப் பேர்போன ஊருல இருக்கோம். கடி வாங்க அது பத்தலையா மேஸ்திரி?" என்றார்.

"நாயி குலைக்கும். அவளுக்குத் தூக்கம் போயிரும். இது சத்தமில்லாமக் கடிக்கும்."

அக்கா ஒருபக்க வாயால் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

தொட்டி செய்ய நானும் மேஸ்திரியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மதுரைக் கடைக்காரர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார்: இன்றைக்கு இருக்கிற மீனைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள், அது கை நீளத்துக்கு வளரும், அந்த மீனை மனதில் வைத்து வாங்குங்கள் என்று. மேஸ்திரி அதைத் தட்டவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். வீட்டுக்கு அளவு வைக்கிற மாதிரியே தொட்டிக்கும் மனையடி பார்த்தார். உள்கூடு ஆறடி நன்மை, ஏழடி ஆகாது. ஆகவே நீளம் ஆறடி. கட்டிலுக்கும் என் அறைச் சுவருக்கும் நடுவேதான் தொட்டி, அங்கேயே நாங்கள் நின்று அக்காவைத் தூக்கவும் இடம் வேண்டும். அதைக் கழித்ததில் தொட்டிக்கு மிஞ்சியது ஒன்றேகால் அடி.

பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இது மீனுக்குத் தொட்டியா, ரயில் பெட்டியா?" என்றார். "நீளம் சரி. அகலத்துக்குச் சாத்திரம் என்ன சொல்லுது?"

"ஆறடிக்குக் கீழ மனையடி பேசாது பாய். அது நம்ம இஷ்டம்."

எல்லோரும் சிரித்தோம். பாய்க்கும் மீனைப் பற்றித் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதும் எந்த வீட்டிலாவது மீன்தொட்டியைப் பார்த்தால் என் கண் முதலில் அகலத்துக்குத்தான் போகிறது. நீளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மீன் ஓடுவதற்கு நீளம் போதும். திரும்புவதற்கு அகலம் வேண்டும். இதைச் சொல்ல அன்றைக்கு அங்கே ஆள் இல்லை.

முதல் வருஷம் அந்த வீட்டுக்கே ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. சாளை மீனை நறுக்கிப் போட்டால் ஆறும் பாய்ந்து வரும். அக்கா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். பிறகு மீன்கள் வளர்ந்தன. கோடிக்குப் போனவை திரும்பும்போது வால் ஒரு கண்ணாடியிலும் மூக்கு எதிர்க் கண்ணாடியிலும் இடித்தது. பின்னால் வருவதற்கு வழிவிட முடியாமல் ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. ஒரு காலையில் நான்குதான் இருந்தன. அப்புறம் இரண்டு. அக்கா எல்லாவற்றையும் படுத்தபடியே பார்த்திருந்தார். கட்டிலைத் தட்டியிருப்பார், நாங்கள் தூக்கத்தில் இருந்திருப்போம், இல்லையென்றால் வேலைக்குப் போயிருப்போம். மிஞ்சிய இரண்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தோம். மதுரைக் கடைக்காரர் பெரிய மீனைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். கண்மாயில் விட முடியாது. பிள்ளைகள் குளிக்கிற தண்ணீர். கொல்ல யாருக்கும் கை வரவில்லை.

ஒருநாள் பக்கம் மாற்றும்போது அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம்... வேண்டாம்." தெருப்பக்கச் சுவரைப் பார்க்கவே படுக்கவைத்தோம். மேஸ்திரி கட்டிலைச் சுற்றி அவர் முகத்துப் பக்கம் வந்தார். "ஒனக்காகத்தானடி வாங்கினேன்" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் மேஸ்திரி என் அறைச் சுவரை இடிப்பதென்று முடிவெடுத்தார். சுவர் போனால் இரண்டரை அடி அகலம் வைக்கலாம். பாயிடம் அளவு சொல்லியாகிவிட்டது. அக்காவைக் கட்டிலோடு முன்வாசலுக்குத் தள்ளிவிட்டு, தொட்டியைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்திவிட்டு இடித்தோம். பழைய சுண்ணாம்புக் காரை. வீடு முழுக்கப் புகை மாதிரித் தூசி. தண்ணீருக்குக் காற்றுத் தள்ளுகிற சின்ன மோட்டார் தரையில், தார்ப்பாய்க்கு வெளியே இருந்தது. அந்தத் தூசியை இழுத்து இழுத்து அது தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு துளி தூசி உள்ளே போகாதபடி மேலே மூடியிருந்தோம். தார்ப்பாயை எடுத்தபோது தண்ணீர் பால் மாதிரி இருந்தது. இரண்டு மீனும் பக்கவாட்டில் மிதந்தன.

மேஸ்திரி செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டிலை உள்ளே தள்ளி வந்தபோது அக்கா வெளுத்துக் கிடந்த தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லி, மேஸ்திரி பக்கம் கண்ணைக் காட்டினார். "அவியள... ஒன்னும்... சொல்லிராத."

சொல்ல என்ன இருந்தது? எனக்குப் பதில் இடுப்பைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கடைக்குப் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. பாய் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நேத்தே ஒட்டியாச்சே தம்பி" என்றார். பின்கட்டில் அது காய்ந்துகொண்டிருந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், பளபளவென்று. "மேஸ்திரி வீட்டுப் பிள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டார். படுத்திருக்கிறார் என்றேன். "எங்கயும் போகாத. இங்கனயே படு. காலைல வேல இருக்கு."

காலையில் அவர் கொடுத்த வேலை அந்தத் தொட்டியைப் பிரிப்பது. பலகை பலகையாக எடுத்தால் கண்ணாடி வேறு எதற்காவது ஆகும். உள்மூலையில் இருக்கிற சிலிக்கான் பசையை வெளியே நின்று அறுக்க முடியாது. காலைக் கழுவிவிட்டு, பிளேடோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். ஒரு மூலை முடிந்தது. எழுந்திருக்காமலே, முழங்கால் எங்கும் இடிக்காமல், அடுத்த மூலைக்குத் திரும்பினேன்.