ஒரு லைட்டும் இரண்டு போட்டோகிராபர்களும்

போன வாரம் ஒத்தக்கடையில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் எனக்கு ஆயிரம் வேலை இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தது ஒரே வேலைதான் — ஒரு லைட்டுக்குக் காவல்!

என் அக்கா ராஜத்துக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. அவள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்த போட்டோவில் ஐயரின் முதுகு இருக்கிறது. அத்தானின் ஒரு முழங்கை இருக்கிறது. அக்கா இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஆல்பம் புரட்டி அந்தப் பக்கத்தை நெருங்கினால் போதும், காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள்.

"தாலி ஏறுற நேரம் எம் மக முகம் தெரியணும்டா. நீ வேற ஒரு சீரும் செய்ய வேணாம்" என்றாள். (சீரையும் விடாமல் வாங்கிக்கொண்டாள். அது வேறு கதை.)

பழங்காநத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சேகரைப் போய்ப் பார்த்தேன். மனிதர் முகமெல்லாம் பூரிப்பு.

"கவலையை விடுங்கண்ணே. புதுசா ஒரு லைட்டு வாங்கியிருக்கேன். வயரே கெடையாது!"

வயர் இல்லாமல் எப்படி? ரொம்பச் சுலபம். கேமராவின் தலையில் ஒரு ஃப்ளாஷ். எட்ட, ஸ்டாண்டில் இன்னொரு ஃப்ளாஷ். அந்த இரண்டாவதுக்கு ஒரு கண் உண்டு. முதல் ஃப்ளாஷ் மின்னுவதை அந்தக் கண் பார்த்த அதே நொடியில் இதுவும் மின்னும். குனிந்திருக்கும் பெண்ணின் முகத்தில், கழுத்து மாலையின் நிழல் விழுகிற இடத்தில், பக்கவாட்டு வெளிச்சம் விழும். ஸ்டுடியோவிலேயே செய்து காட்டினார். ஒவ்வொரு தடவையும் தவறாமல் அடித்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

கல்யாணத்தன்று காலை, மாலை மாற்றும் நேரம். சேகர் க்ளிக் செய்தார். கேமரா ஃப்ளாஷ் மின்னியது. ஸ்டாண்டு லைட்டு சும்மா நின்றது. சரி என்று அவர் கேமராவைக் கீழே இறக்கினார்... கொஞ்ச நேரத்தில் அது தானாகவே பளிச்!

சேகருக்கு வியர்த்துவிட்டது. பேட்டரியை மாற்றினார். லைட்டின் கண்ணைத் துடைத்தார். மேலே ஒரு ட்யூப்லைட் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஏமாறுகிறதோ என்று அணைக்கச் சொன்னார். ஸ்டாண்டை நகர்த்தி, சமையல்காரரின் காலில் இடித்து, வசவு வாங்கினார். என் பெரியப்பா, "கண்ணு பட்டிருக்கும்ப்பா, எலுமிச்சம்பழத்தைக் கட்டு" என்றார். கட்டினோம்! அதற்கும் அந்த லைட்டு மசியவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபர் பாண்டி வந்தார். மேலூர்க்காரர், சிரித்த முகம்.

"ரொம்ப நன்றிண்ணே. ஒங்களுக்குப் பெரிய மனசு. நான் அமுக்கும்போதெல்லாம் ஒங்க லைட்டு எனக்கும் சேர்த்து அடிக்குது!"

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம்தான் தெரியும். அது பெண் வீட்டு வெளிச்சமா, மாப்பிள்ளை வீட்டு வெளிச்சமா என்று எப்படித் தெரியும்? பாண்டி மின்னினாலும் அடித்தது. ஒரு தடவை அடித்துவிட்டால் மறுபடி சார்ஜ் ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தச் சமயம் பார்த்துச் சேகர் அமுக்கினால் லைட்டு கம்மென்று கிடக்கும்.

விஷயம் பந்திக்குப் போனது. பந்திக்குப் போன எந்த விஷயம் சும்மா திரும்பி வந்திருக்கிறது?

"நம்ம லைட்டுல அவுக போட்டோவா?" என்றார் பெரியப்பா.

"எங்க ஆளு எடுக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தாலி கட்டும்போது மட்டும் எடுக்காமல் இருக்க முடியுமா என்று பாண்டியிடம் கெஞ்சினேன். "அதை எடுக்காம நான் எதுக்குண்ணே வந்தேன்?" என்றார். நியாயம்தானே? அக்காவைப் பார்த்தேன். பட்டுப்புடவை முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கினா?" என்று கேட்டேன்.

சேகரும் பாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு பேருக்குமே விழும்ண்ணே" என்றார் சேகர்.

உடன்பாடு தயார். கெட்டிமேளம் வரை யாரும் பட்டனைத் தொடக் கூடாது. இருவருக்கும் பின்னால் நான். வலது கை சேகர் தோளில், இடது கை பாண்டி தோளில். நான் தட்டினால் இருவரும் அமுக்க வேண்டும்.

எல்லாம் சரி. ஐயர் தாலியைக் கையில் எடுக்கிறார்... அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன் பையிலிருந்து ஒரு குட்டிக் கேமராவை எடுத்தார். அதிலும் ஃப்ளாஷ்! இரண்டு கையும் இரண்டு தோளில். எப்படித் தடுப்பேன்?

அக்கா பார்த்துவிட்டாள். மேடையிலிருந்து விறுவிறுவென்று இறங்கினாள். அட்சதைத் தாம்பாளத்தைத் தூக்கி அவர் கையில் திணித்தாள்.

"தம்பி, ரெண்டு கையாலயும் பிடிங்க. கீழ மட்டும் சிந்திரக் கூடாது!"

சம்பந்தியம்மா சொன்னால் மறுக்க முடியுமா? கேமரா சட்டைப் பைக்குள் போனது. தாம்பாளம் அவர் கையில். அக்காவும் அதன் விளிம்பை விடவில்லை.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர். தட்டினேன். மண்டபமே வெள்ளை வெளேர் என்று ஆனது.

சேகரும் பாண்டியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரும் அன்று சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். பெரியப்பாவும் அந்தச் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, லைட்டைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

நேற்று பிரிண்டு வந்தது. பெண்ணின் முகம் அப்படியே தெரிகிறது. இமையோரத்து ஈரம்கூடத் தெரிகிறது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பிறகுதான் ஓரத்தைக் கவனித்தேன். படத்தில் அத்தனை பேரும் தாலியைப் பார்க்கிறார்கள். கீழே, தாம்பாளத்தைப் பிடித்தபடி, ஒரே ஒருத்தி மட்டும் வாயெல்லாம் பல்லாக வேறு பக்கம் பார்க்கிறாள்.

"என்னக்கா, பெத்த மக கழுத்துல தாலி ஏறுது... நீ எங்க பாத்துக்கிட்டிருக்க?"

"தாலியத்தான் ஊரே பாக்குதேடா... லைட்டை யாரு பாக்குறது?"