குழி விழுந்த பாய்

சின்ன மருமகள் புதுப் பாய் வாங்கி வந்த அன்று பெரிய மருமகளுக்கு மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பாய் என்றதும் தூங்குகிற பாயை நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கியோடு குப்புறப் படுத்து இலக்கைச் சுடுகிறவர்கள் தரையில் விரித்துக்கொள்ளும் பாய். மேலே முரட்டுத் துணி, உள்ளே நுரைத் தகடு, முழங்கை ஊன்றுகிற இடத்தில் சொரசொரப்பான ரப்பர். இதற்கெல்லாமா ஒரு மனுஷி வயிறெரிவாள் என்று கேட்டால், நம் ஆள் எரிவாள். அவள் எதற்கு எரியமாட்டாள் என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடிந்துவிடும்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் இந்தப் பெரிய மருமகளைப் பல்லக்கா என்பார்கள். செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பிளாஸ்டரில் அச்சு எடுத்து, மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, முகம் தெரியாத யாருடைய சிரிப்பையோ நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கை கொஞ்சமும் நடுங்காது. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பல் டாக்டர், "ஒரு தடவை துப்பாக்கியைப் புடிச்சுப் பாருங்களேன்" என்று ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போனார். டாக்டர் சீக்கிரமே கிளப்பை விட்டுவிட்டார். இவள் விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கையெழுத்தைப் பார்த்துப் பொருமியவள் இவள். கல்யாணமான பிறகு எதிர்வீட்டு பால்கனிக்குக் கிடைக்கிற வெயிலைப் பார்த்துப் பொருமினாள். வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரருக்குச் சுழலும் நாற்காலி வந்தபோது இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பொறாமை அவளுக்குச் சம்பளமில்லாத ஓவர்டைம். ஆனால் கிளப்பில் குப்புறப் படுத்துவிட்டால் அந்த வேலை நின்றுவிடும். ஏனென்றால் அங்கே பொறாமைப்பட ஆளே இல்லை. மற்ற கிளப்புகளோடு நடக்கும் வருடாந்தரப் போட்டிக்குப் பெண்களில் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அந்த ஓரிடம் வருடா வருடம் பல்லக்காவுடையது. உலகத்தில் அவளுக்கென்று, அவளுக்கு மட்டும் என்று, இருந்தது அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத் தன் கையாலேயே ஆபத்தைக் கூட்டிவந்தாள் என்பதுதான் வேடிக்கை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில், கீழ்த்தளம் பெரியவருக்கு, மாடி சின்னவருக்கு. மாடியில் இருக்கும் ஓரகத்தி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். தான் சுடுவதைக் குடும்பத்தில் ஒருத்தராவது பார்த்து வாயைப் பிளக்கட்டுமே என்று பல்லக்காதான் அவளை ஒருநாள் கிளப்புக்கு அழைத்துப் போனாள். போனவள் வாயைப் பிளந்தாள், அடுத்த வாரமே உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டாள். கிளப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் என்பதால், அவள் வகுப்பில் அதிகம் கத்துகிற வார்த்தையே அவளுக்குப் பட்டப்பெயரானது. கிளட்ச்.

முதல் வருடம் கிளட்ச் இலக்கை விட்டுச் சுற்றியிருந்த மண்மேட்டைத்தான் அதிகம் சுட்டாள். பல்லக்கா பெரிய மனதோடு சிரித்துக்கொண்டாள். இரண்டாம் வருடம் அட்டையில் ஓட்டைகள் நடுவை நெருங்க ஆரம்பித்தன. பல்லக்கா சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். இப்போது புதுப் பாய் வேறு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் இரண்டு பேருடைய புள்ளியும் சமமாகிவிட, கோச் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, "ரெண்டு பேரும் சுடுங்க. யாரு கூட எடுக்கறாங்களோ அவங்க போட்டிக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

"எல்லாம் அந்தப் பாய் செய்யற வேலை" என்று பல்லக்கா முடிவுகட்டினாள். கண்ணாரக் கண்டாளே! ஒரு சுற்று முடிந்ததும் கிளட்ச் பாயிலிருந்து சின்னப்பிள்ளை மாதிரி துள்ளி எழுந்திருக்கிறாள். தனக்கோ இடுப்பு எலும்பு தரையில் அழுந்தி, ஒரு கையை முட்டியில் ஊன்றி, "அப்பாடா" என்று முனகாமல் எழ முடிவதில்லை. ஓரகத்திக்குத் தன்னைவிடப் பதினைந்து வயது குறைவு என்பதை அவள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவளுடைய பாய் ஆதிகாலத்துப் பச்சைப் பாய். மெலிசு, கெட்டி. எங்கே போனாலும் துப்பாக்கி எண்ணெய் வாசனையைக் கூடவே கொண்டுபோகும். ஒரு மூலை கிழிந்தபோது, பல் இடுக்கில் விடுகிற மெழுகு நூலால் தைத்திருந்தாள். இடது முழங்கைப் பக்கம் ரப்பர் பெயர்ந்து வாய் பிளந்திருந்தது. "கொஞ்சம் ஒட்டிக் குடுங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஒட்டுவதற்கென்றே பெட்டியில் நாலு விதப் பசை வைத்திருப்பவர். "நாளைக்குப் பண்ணித் தரேன்" என்பார். அந்த நாளை வந்ததேயில்லை. முழங்கை ஊன்றி ஊன்றி இரண்டு இடத்தில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அவமானமாக இருக்கும்.

ஒருநாள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது கிளட்சின் பாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆள் அரவம் இல்லை. கட்டைவிரலை வைத்துக் கனத்தை அளந்தாள். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை, விரித்துக் குப்புறப் படுத்தே பார்த்துவிட்டாள். மெத்தென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் வற்றல் மூடுகிற துணியைத் தேடிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்.

"என்னடிம்மா, மயக்கம் போட்டு விழுந்துட்டியா?"

"இல்ல அத்தை. இடுப்பு புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் வெயில் காட்டினேன்."

"இடுப்புக்கு வெயில் காட்டறவ குப்புறப் படுக்க மாட்டாளே" என்று யோசித்துக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

அந்த வாரமே பல்லக்கா விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனாள். போவதற்கு முன்பே கோச் சொல்லியிருந்தார்: "புதுசு வாங்கறதா இருந்தா ஜாக்கெட்டைப் போட்டு, தோள் வாரை மாட்டி, துப்பாக்கி புடிக்கற மாதிரி படுத்துப் பாத்துட்டு வாங்கும்மா. உடம்பு சொகமா இருக்கறது அப்புறம். முழங்கை அசையக்கூடாது." நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தடித்த ஜாக்கெட்டையும், துப்பாக்கியைக் கையோடு பிணைக்கிற வாரையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது யார்? தவிர, அவளுக்கு வேண்டியது என்ன என்பது அவள் கட்டைவிரலுக்கே தெரியும். கிளட்சுடையதைவிடக் கனமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று மெலிசு, பலகை மாதிரி விறைப்பு. அவளுடைய பழசுக்குத் தம்பி என்று சொல்லலாம். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று கருநீலம், கிளட்சின் பாயைவிட ஒரு விரல் கூடுதல் கனம், சுருட்டித் தோளில் மாட்ட வார், தண்ணீர் இறங்காத அடித்துணி, இரட்டைத் தையல். கடை நடுவில் விரித்துப் படுத்தாள். வயிறு, இடுப்பு, தொடை எல்லாவற்றையும் பாய் "வா, வா" என்று வாங்கிக்கொண்டது. கண்ணே சொக்கியது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டா போர்வை கேப்பீங்க போல மேடம்" என்றார் கடைக்காரர்.

"கட்டிக் குடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பச்சைப் பாயை மாடிப்படிக்கு அடியில் எறிந்துவிட்டு, "ஏங்க, இந்தக் கந்தலை எங்கயாவது தூக்கிப் போடுங்க" என்றாள். புதுப் பாயைக் கூடத்தில், மாடிக்குப் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தாள். கிளட்ச் படியிறங்கி வந்தவள் நின்று தடவிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்குக்கா! அப்ப பழசு?"

"அது எதுக்கு இனிமே?"

கிளட்ச் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனாள். "எரியட்டும், நல்லா எரியட்டும்" என்று பல்லக்கா மனசுக்குள் கும்மாளம் போட்டாள். அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

புதுப் பாயில் முதல் சில தோட்டாக்கள் நடுவில் போய் விழுந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க ஆரம்பித்தன. குறிபார்க்கும் துளையின் திருகை ஏற்றினாள். மறுநாள் முதல் தோட்டா உச்சிக்குப் போய், சுற்று முடிகிறபோது மறுபடி அடியில் வந்து நின்றது. வெளிச்சத்தைத் திட்டினாள். தோட்டா டப்பாவைத் திட்டினாள். பக்கத்தில் படுத்திருந்தவர் மூச்சு விடுகிற சத்தத்தைத் திட்டினாள். துப்பாக்கியின் பாரம் முழுக்க இடது முழங்கையில் இறங்குகிறது, நுரை மெல்ல மெல்ல அமுங்குகிறது, கூடவே குழலும் தாழ்கிறது. அதை ஒருநாள் பின்னால் நின்று பார்த்த கோச் கண்டுபிடித்தார்.

"கை அமுங்குதும்மா. பழைய பாய் எங்க?"

"கிழிஞ்சு போச்சு சார். தூக்கிப் போட்டாச்சு."

கொண்டுவந்திருக்கலாம். ஆனால் கிளட்சின் கண்ணெதிரே புதுப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அந்தக் கந்தலை விரிப்பதா? அதைவிட இலக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கச் சொல்லிக் கெஞ்சலாம். இப்படி வீம்பிலேயே நாள் ஓடி, கோச் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் வீம்பு இறங்கியது. யாரும் பார்க்காதபோது மாடிப்படிக்கு அடியில் குனிந்தாள். பாய் இல்லை.

"ஏங்க, அந்தப் பச்சைப் பாய் எங்க?"

"நீதானே தூக்கிப் போடச் சொன்னே?" என்றார் வீட்டுக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க போட்டீங்க?"

"போட்டாச்சு." டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் அடுத்தடுத்த இடம். பல்லக்கா கருநீலப் பாயை விரித்துப் படுத்து, துப்பாக்கி வாரைக் கையில் இறுக்கிக்கொண்டு, தற்செயலாக வலதுபக்கம் திரும்பினாள். கிளட்ச் தோளிலிருந்து இறக்கி விரித்தது பச்சைப் பாய். மூலையில் மெழுகு நூல் தையல். துப்பாக்கி எண்ணெய் வாசனை இங்கே வரைக்கும் வந்தது. இடது முழங்கைப் பக்கம் வாய் பிளந்திருந்த ரப்பர் இப்போது பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. அந்தப் பசை யார் பெட்டியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அடுத்தவள் பொருளைப் பார்த்து எரிந்து எரிந்தே வளர்ந்த மனுஷி, முதல்முறையாகத் தன் சொந்தப் பொருளைப் பார்த்து எரிந்தாள். கிளட்ச் படுத்தாள். அவளுடைய முழங்கைகள் தேடவே இல்லை, நேராகப் போய் இரண்டு குழியிலும் உட்கார்ந்துகொண்டன. குழல் அசையாமல் நின்றது. ஒரு காலத்தில் தன் குழலும் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும் என்று பல்லக்காவுக்குத் தோன்றியது. அவள் அதை ஒருநாளும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அதற்குள் தன் கை நுரைக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது.

மூன்று புள்ளியில் பல்லக்காவின் இடம் போனது. கோச் அட்டைகளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கிளட்சின் முதுகில் தட்டினார். பல்லக்காவும் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

திரும்பும்போது கிளட்ச்தான் காரை ஓட்டினாள். பச்சைப் பாயும் கருநீலப் பாயும் பின்சீட்டில் அக்காதங்கை மாதிரி ஒட்டிக் கிடந்தன. இரண்டு சிக்னல் வரை பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பாயைக் குடுத்துடு."

"போட்டி முடியட்டும்க்கா, தரேன்."

"அது என் பாய்."

"நீங்க வேணாம்னு போட்டீங்க. நான் மாமாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். ரப்பர் ஒட்டித் தாங்கன்னேன், அன்னைக்கே ஒட்டிக் குடுத்துட்டார்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

வீட்டுக்காரருக்கு இன்று இரவு இருக்கிறது என்று பல்லக்கா தனியாகக் குறித்து வைத்துக்கொண்டாள். "உனக்குத்தான் புதுசு இருக்கே! அதை விட்டுட்டு எதுக்கு என்னோடது?"

கிளட்ச் கியரை மாற்றினாள். "அதுல எனக்கும்தான் கை அமுங்குது. அதை விடுங்க. நீங்க என்னை முதமுதல்ல கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு அந்தப் பச்சைப் பாயில படுத்து நீங்க சுட்டதைப் பாத்தேன். சிலை மாதிரி இருந்தீங்க. எனக்கு அப்படி வரலையேன்னு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்ல. அந்தக் குழியை ஒருநாள் நைஸா அளந்துகூடப் பாத்தேன்க்கா. ரெண்டு வருஷமா உங்களைப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

பல்லக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. ஆயுள் முழுக்க வேலியின் இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தவளுக்கு, இரண்டு வருடமாக அந்தப் பக்கமும் ஒரு ஆள் நின்று தன்னை எட்டிப் பார்த்தது தெரியாமல் போய்விட்டது. சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. அந்த இரண்டு வருடமும், பச்சைப் பாயில் படுத்து அசையாமல் சுட்டுக்கொண்டிருந்தாளே ஒருத்தி, அவள்மேல் இப்போது தாங்க முடியாத பொறாமையாக இருந்தது.

"கண்ணாடியை ஏத்து" என்றாள் புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டே. "தூசி வருது."

கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. கிளட்ச் இல்லாத தூசிக்காக ஒரு தடவை இறக்கி, மறுபடி ஏற்றினாள்.