அக்காளின் பெட்டிச் சேலை

செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், மலையம்மாளைத் தெரிந்தவர்கள் முடியும் என்றுதான் சொல்வார்கள். அதுவும் கூடப்பிறந்த அக்கா மேல்.

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே குடியிருந்த சுருளிக்குப் பெண்மக்கள் இரண்டு பேர். மூத்தவள் செல்லத்தாய், இளையவள் மலையம்மாள். செல்லத்தாயைச் சுருளியின் தங்கச்சி மகன் வீரணனுக்குக் கொடுத்தார்கள். கல்யாண மஞ்சள் காய்வதற்குள் மஞ்சள் காமாலை வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளையும் இல்லை. உறவு விட்டுப்போகக் கூடாதென்று கருமாதி முடிந்த கையோடு பெரியவர்கள் பேசி, தங்கச்சியை அதே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மலையம்மாளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். மச்சான் மேல் அவளுக்கு அறியாத வயசிலிருந்தே ஒரு கண். வினையே அதுதான்.

பூவும் பொட்டுமாய்ப் போனவளை அவர்கள் வகையறாவில் வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். ஆடி மாதம் அவளுக்கென்று புதுச்சேலை எடுத்துப் படைத்து, ஓலைப்பெட்டியில் வைத்து, உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆடி வரைக்கும் அதை ஒருத்தரும் தொடக்கூடாது. அப்புறம் புதுசு உள்ளே போகும், பழசு வெளியே வரும். வெளியே வந்ததை அந்த வீட்டு மருமகள் கட்டிக்கொள்வாள். சாமி கட்டிக் கொடுத்த சேலை என்று அதற்கு மரியாதை.

மலையம்மாளுக்கு மட்டும் அது அக்கா கழித்துப் போட்ட சேலை.

டவுனுக்கு வந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்டு, இரண்டு மகன்களும் தலையெடுத்த பிறகும் வீரணன் மாறவில்லை. ஆடி பிறந்தால் கடையைச் சாத்திவிட்டு விளக்குத்தூண் ஜவுளிக்கடைப் பக்கம் போய், கடை கடையாய் ஏறி இறங்கி, முந்தியை விரித்துப் பார்த்து, வெயிலில் கொண்டுவந்து கலர் பார்த்து, பெட்டிக்குச் சேலை எடுப்பான். பெண்டாட்டிக்குத் தீபாவளிச் சேலை என்றால், "நீயே போயி ஒண்ண எடுத்துக்க" என்பதோடு சரி.

ஒரு தடவை கேட்டே விட்டாள். "ஏன் மச்சான், எனக்கு ஒரு வருசமாச்சும் நீங்க போயி எடுத்தாந்தா என்ன?"

"நீ எதக் குடுத்தாலும் கட்டிக்குவ புள்ள. அவ அப்பிடி இல்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா."

"செத்தவளுக்கு ஏது மூஞ்சி?"

வீரணன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி அவன் தட்டில் விழுந்த சோறு, விழுந்த சத்தத்திலேயே பாதி வயிற்றை நிறைத்தது.

சுனாமி வந்ததே, அதே வருஷம் பங்குனியில், மகளிர் குழுத் தலைவி ஹம்சவேணி ஒரு சேதி கொண்டுவந்தாள். "மியூசியத்துக்கு சுஷ்மான்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. படம் வரையிற பொண்ணு. ஊருல உள்ள பொம்பளைங்க ஆளுக்கு ஒரு வேண்டாத துணி கொண்டுபோகணுமாம். நம்ம கையாலயே வெட்டி, எல்லாத்தையும் ஒரே துணியாத் தைக்கணும். பெரிய சுவரு பூராம் தொங்கவிடப் போறாங்களாம்."

"எதுக்காம்?"

"பாக்கத்தான்."

"பழந்துணிய மாட்டி வச்சுப் பாக்கணும்னா எங்க வீட்டுக் கொடிக்கு வரச் சொல்லு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். மலையம்மாள் சிரிக்கவில்லை. வேண்டாத துணி என்ற பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வீரணன் கடைக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பெட்டியை இறக்கி, போன ஆடியில் வைத்த மாந்தளிர் நிறச் சேலையை எடுத்து ஒயர்கூடையில் திணித்தாள். மேலே தன் கிழிந்த ரவிக்கை ஒன்றைப் போட்டு மூடினாள். வெறும் பெட்டி பழையபடி உத்தரத்துக்குப் போனது.

மியூசியக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து தைத்தார்கள். லுங்கி, பள்ளிக்கூடச் சட்டை, நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலை, பிள்ளை மூத்திரம் போன தொட்டில் துணி என்று எல்லாம் வந்திருந்தது. மலையம்மாள் மாந்தளிர்ச் சேலையில் கத்தரியை ஓட்டினாள். சரசரவென்று அது பிளந்த சத்தம், பல வருஷமாய்த் தொண்டையில் நின்ற முள் இறங்கினதுபோல் இருந்தது.

சுஷ்மா பக்கத்தில் குந்தினாள். "புதுசா இருக்கேக்கா. யாரோடது?"

"எங்க அக்காவோடது. செத்துப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப இது ஓரத்துல வேண்டாம்க்கா. நடுவுல வைப்போம்."

"நடுவுலயா? அதெல்லாம் வேணாம்மா, எங்கயாச்சும் மூலையில…"

சுஷ்மா கேட்கவில்லை. மாந்தளிர்த் துண்டுகள் பூப்போல விரிந்து நட்டநடுவில் ஏறின. மலையம்மாளின் ரவிக்கைத் துணி அடி ஓரத்தில், தரையைத் தொடும் இடத்தில் கிடந்தது.

திறப்பு நாளன்று ஹம்சவேணி டீக்கடைக்கே போய், "அண்ணே, மலையக்கா தச்சத வந்து பாருங்க" என்று வீரணனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றான். வெயிலில் பிடித்துப் பார்த்து எடுத்த கலர் அவனுக்குத் தெரியாதா? அடிக்கப் போகிறான், இல்லை, கத்தப் போகிறான் என்று மலையம்மாள் காத்து நின்றாள். வீரணன் செருப்பைக் கழற்றி ஓரமாய் விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

பின்னால் நின்ற மேலூர்க்காரப் பெண் ஒருத்தி, "ஏண்ணே துணியக் கும்பிடுறீக?" என்றாள்.

"எங்க வீட்டுச் சாமி சேலைத்தா. பூவும் பொட்டுமாப் போனவ."

அந்தப் பெண் அடுத்த நொடி தலையில் இருந்த மல்லிகையைக் கிள்ளித் தையலில் செருகினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. வாரம் திரும்புவதற்குள் நடுத்துண்டில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. வாட்ச்மேன் காளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான்.

"ஏத்தா, இது மியூசியம், கோயிலு இல்ல! சூடத்த அணைங்க, துணி பத்திக்கிரும்!"

மலையம்மாளுக்கு வயிறு எரிந்தது. உத்தரத்தில் சிவனே என்று கிடந்தவளை, தன் கையாலேயே கொண்டுபோய் ஊருக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டாளே!

ஒரு வாரம் கழித்துத்தான் வீரணன் வீட்டில் கேட்டான். "ஏன் புள்ள இப்பிடிச் செஞ்ச?"

"அவளுக்கு வருசா வருசம் பாத்துப் பாத்து எடுக்குறீகளே, அவ கழிச்சதக் கட்டிக்கிட்டு நான் ஒருத்தி நிக்கிறேனே, அதான்!"

"ஆசையிலயா எடுக்குறேன்? பயம் புள்ள. அவ எடத்துல ஒன்னையக் கொண்டாந்து வச்சேன். அவ கோவிச்சுக்கிட்டு ஒன்னையும் கொண்டுபோயிட்டா நான் எங்க போவேன்?"

மலையம்மாள் அதில் பாதியை நம்பினாள். பயத்துக்கு எடுக்கிறவன் கலர் பார்ப்பானா என்ற மீதிப் பாதி உள்ளேயே கிடந்து அரித்தது.

ஆடி வந்தது. வீரணன் கடையைச் சாத்திவிட்டு வாசலில் நின்று, "கெளம்பு புள்ள. இந்த வருசச் சேலைய நீ எடு" என்றான்.

விளக்குத்தூண் கடையில் ஒவ்வொன்றாய் விரித்துப் போடச் சொன்னாள். அத்தனையையும் தள்ளிவிட்டு, அரக்குக்கரை போட்ட கிளிப்பச்சைச் சேலை ஒன்றைக் கையில் எடுத்தாள்.

வீரணனுக்கு முகம் வெளிறியது. "பச்சைன்னா அவளுக்கு ஆகவே ஆகாதே!"

"தெரியும். கூடப்பொறந்தவளுக்குத் தெரியாதா? ஒரு வருசம் வச்சிருந்துட்டுக் குடுக்கட்டும். கட்டப் போறவ நானு."

கடைக்காரர் மடித்துக் கொடுத்த பையை வாங்க வீரணன் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு வாங்கினாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதை மடியை விட்டு இறக்கவே இல்லை.