ஆடியில் வீடு தேடாதீர்

வீட்டைப் பேசி முடிப்பதற்கு முன்பே, 'வீடு ரெடி, புறப்படு' என்று மனைவிக்குத் தந்தி கொடுத்த ஒரே புருஷன் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். சங்கம் வைத்துவிடலாம்.

பைத்தியக்காரத்தனம்தான்... ஆனால் அந்த நேரத்தில் அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்து லாட்ஜில் கிடந்தேன். மனைவியும் இரண்டு பெண்களும் திருச்சியில். இங்கே பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் - இந்த வாரத்துக்குள் பிள்ளைகள் வந்து சேராவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். ஊரிலோ வீடு கிடையாது. புதுத் துறைமுகம் வந்தாலும் வந்தது, நாட்டிலுள்ள இன்ஜினியர், கான்ட்ராக்டர், குமாஸ்தா எல்லாரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இங்கேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், டவுன் பஸ் ஜன்னல் வழியாக ஒரு போர்டு கண்ணில் பட்டது. 'வீடு வாடகைக்கு விடப்படும்.' ஓட்டு வீடு, நீல நிறக் கதவு, வாசலில் வேம்பு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். வழியில் தந்தி ஆபீஸ். வீட்டைப் பேசி முடித்துவிட்டு மறுபடி இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும்? முதலில் தந்தி, பிறகு வீடு. ஒரு நடை மிச்சம்!

வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி, உப்பு வியாபாரி. பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார்.

"போர்டு பார்த்து வந்தேன் அண்ணாச்சி."

"அது தொங்கத்தான் செய்யுது. ஆவணி பொறந்து வாங்க."

"ஏன், வீட்ல யாராவது இருக்காங்களா?"

"வீடு காலியாத்தான் கெடக்கு. ஆடியில யாரு பால் காய்ச்சுவா?"

ஆடி! காலண்டரில் இங்கிலீஷ் தேதியை மட்டும் பார்க்கிற பகுத்தறிவாளன் நான். ஆடியில் யாரும் பால் காய்ச்சிப் புது வீடு புக மாட்டார்கள் என்பது என் மனைவிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் ஆனியிலேயே அதையெல்லாம் முடித்திருப்பேன் என்று நம்பியிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் என்னை நம்புகிறாள், பாருங்கள்.

சும்மா விடுவேனா? படித்த படிப்பையெல்லாம் எடுத்து விட்டேன். தட்சிணாயனம் என்றால் என்ன, உழவனுக்கு விதைப்புக் காலத்தில் வேறு வேலை கூடாது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு இது, ஆபீஸ் போகிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்... அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாப் பேசுதீய. ஆவணி பொறந்து வாங்க."

சரி, ஆடி பார்க்காதவர்கள் ஊரில் இல்லையா? மாதா கோயில் பக்கம் போனேன். பர்னாந்து என்பவர் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் உண்டு என்று கேள்வி. அவர் சிரித்தார்.

"திருவிழாக் கொடி ஏறியாச்சே சார்! கொழும்புல இருந்து மதினி, பம்பாயில இருந்து தம்பி குடும்பம்... நானே மொட்டை மாடியில படுத்துக் கெடக்கேன். வீடுதான் இல்ல. இந்தாங்க, மக்ரூன் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். வெறும் கையோடு அனுப்பாத மனுஷர்.

ஊருக்கு வெளியே, பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டை வரை போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே ஆவணி. மாப்பிள்ளையூரணியில் ஒருவர் மட்டும் ஆடிக்கெல்லாம் பயப்படவில்லை. "இன்னைக்கே சாமான எறக்குங்க" என்றார். வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயில் வந்துவிட்டது. மனைவி இறங்கினாள், பெண்கள் இறங்கினார்கள், டிரங்குப் பெட்டிகள் இறங்கின, கடைசியாக இரண்டு போர்ட்டர்கள் சேர்ந்து ஓர் ஆட்டுக்கல்லை இறக்கினார்கள்.

"வீடு எந்தத் தெருங்க? காத்து வருமா?" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எந்த வீரனால் உண்மை பேச முடியும்? குதிரை வண்டிக்காரரிடம் எனக்குத் தெரிந்த ஒரே விலாசத்தைச் சொன்னேன். வழியில் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. குதிரை வேறு அன்றைக்கு ரொம்பச் சுறுசுறுப்பு.

வண்டி நின்றது. பெரியவள் எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள் - "வீடு வாடகைக்கு விடப்படும்."

"இன்னும் போர்டை எடுக்கலையா?" என்றாள் மனைவி.

"இல்ல... இன்னும் வீட்டையே எடுக்கல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. வண்டியிலிருந்து இறக்கிய ஆட்டுக்கல்லின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். நான் வேப்பமரத்தை ஆராய்ச்சி செய்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி வெளியே வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மனைவியிடம் போனார்.

"எங்கனயிருந்து வாரீய?"

"திருச்சி."

"காப்பி குடிச்சியளா?"

"இல்லைங்க."

"பச்சப் புள்ளையள வெயில்ல நிறுத்திக்கிட்டு... இங்கேருங்க! கொஞ்சம் வெளிய வாங்க!"

அண்ணாச்சி வந்தார். நிலைமை விளக்கப்பட்டது.

"பாவந்தான். ஆனா ஆடியில எப்பிடிளா வீட்ட விட முடியும்?"

"வாடகைக்குத்தான விடப்பிடாது? விருந்தாளு வரப்பிடாதுன்னு யாரு சொன்னா? போன ஆடியில உங்க தங்கச்சி இதே வீட்டுல வந்து மாசம் பூரா இருக்கல? அப்பம் எங்க போச்சு உங்க ஆடி?"

அண்ணாச்சி மோவாயைத் தடவினார். தங்கை பேச்சு வந்த பிறகு எந்த ஆம்பளையும் வாதாடுவதில்லை. சாவியை எடுத்து வந்தார். ஆனால், முறை முறைதான் என்றார். ஆவணி பிறக்கும்வரை நாங்கள் அவருடைய விருந்தாளிகள். வாடகை கிடையாது. பால் காய்ச்சக் கூடாது. போர்டை எடுக்கக் கூடாது.

"அடுப்பும் பத்த வைக்கப்பிடாது" என்றார் செல்லக்கனி. "அடுப்பு பத்த வச்சா குடிவந்த கணக்காயிரும். சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

என் மனைவி ஆட்டுக்கல்லிலிருந்து மெதுவாக எழுந்தாள். சமைக்கக் கூடாது என்று தனக்கு ஒருவர் தடை போடுவதை அவள் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டாள். காது கேட்டதை மனசு நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்புறம் என்ன? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. காலையில் இட்லி, மத்தியானம் சீலாமீன் குழம்பு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி. செல்லக்கனியும் என் மனைவியும் சேர்ந்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, வளையலும் மிட்டாயுமாகத் திரும்பி வந்து சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஆடி மாதத்தை இவ்வளவு ஆசையாக யாராவது கழித்திருப்பார்களா?

எனக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. போர்டுதான் தொங்குகிறதே... தினமும் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

"வீடு காலியா சார்?"

"ஆவணி பொறந்து வாங்க" என்பேன், அந்த வீட்டுக்குள்ளேயே பனியனோடு நின்றுகொண்டு. துறைமுக இன்ஜினியர் ஒருவர் கோபித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் ஆடியாவது ஒன்றாவது என்று எனக்குப் பகுத்தறிவு பேசினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்படிக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது - அண்ணாச்சியைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

ஒன்று புரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் பழக்கத்தை மீறுவதில்லை. பழக்கத்துக்கு முன்வாசலில் நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைத்துவிட்டு, மனுஷரைக் கொல்லை வழியாக உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். நான் முன்வாசலில் நின்று நாற்காலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஆவணி பிறந்தது. பால் நன்றாகப் பொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி, நானே என் கையால் போர்டைக் கழற்றினேன். இறங்கும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இனிமேல் நான் விருந்தாளி இல்லை, வாடகைக்காரன்! வாடகைக்காரன் என்றால் குறை சொல்ல வேண்டாமா?

"அண்ணாச்சி, கொல்லைக் கதவு சரியா மூட மாட்டேங்குது. கொஞ்சம் கவனிக்கணும்" என்றேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

அண்ணாச்சி பாயசத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அத உங்க வீட்டம்மா சொல்லட்டும், செய்யுதேன். வீட்ட அவியளுக்குத்தான் விட்டுருக்கு. நீங்க இன்னமும் விருந்தாளுதான்."