தோள் தழும்பைக் காட்டச் சொன்னவள்

பம்மல் மெயின் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ரமா மேடத்தின் பியூட்டி பார்லர். ஷாயிஸ்தா அங்கே சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. புருவம் திருத்துவது, மருதாணி வைப்பது, ஃபேஷியல் எல்லாம் அவள் கைதான். தலையில் சுற்றிய துப்பட்டாவை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டாள். மார்க்கத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிக் காரணம். மீதி, அவளுடைய இடது காது.

பத்தொன்பது வயதில் ஆசைப்பட்டு மேல் காதில் ஒரு கம்மல் குத்திக்கொண்டாள். புண் ஒழுங்காகத்தான் ஆறியது. மூன்று மாதம் கழித்து அந்த இடம் அரிக்க ஆரம்பித்தது. மிளகு அளவில் ஒரு முடிச்சு வந்தது. அது புளியங்கொட்டை அளவாகி, வருஷம் திரும்புவதற்குள் நாவல்பழம் போலப் பளபளத்தது. பக்கத்து கிளினிக்கில் வெட்டி எடுத்தார்கள். அடுத்த ரம்ஜானுக்குள் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது. அப்புறம் போன தோல் டாக்டர்தான் அதன் பெயரைச் சொன்னார்.

"இது கீலாய்டும்மா. சில பேர் உடம்புல காயம் ஆறின பிறகும் தழும்பு வளர்றதை நிறுத்தாது. வெறுமனே வெட்டினா திரும்ப வரும்." அவள் தோளில் சின்ன வயசு தடுப்பூசித் தழும்பு தடித்துக் கிடப்பதையும் பார்த்தார். "இதை யாராவது கவனிச்சிருந்தா, காது குத்தாதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

கட்டிக்குள்ளேயே மாதாமாதம் ஊசி போட்டார். உயிர் போகிற வலி. பாதி அமுங்கியது, மீதி தங்கிவிட்டது. ஆனால் ஊசியைவிட அந்தப் பேச்சுதான் அவளைக் குடைந்தது. ஒருவர் கேட்டிருந்தால் போதுமே. ஒரே ஒருவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ரமா மேடம் காது குத்தும் கன் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் டாட்டூ போட மறைமலை நகரிலிருந்து ஜாய்சன் என்கிற பையன் வந்தான். கன் ஷாட் வேலை ஷாயிஸ்தா தலையில் விழுந்தது. குத்துவதற்கு முன்னால் அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "பழைய தழும்பு ஏதாவது தடிச்சினு கீதா? வூட்ல யாருக்காச்சும்? தோளைக் கொஞ்சம் காட்டும்மா." அவள் கேட்ட கேள்வியிலேயே பயந்து சிலர் எழுந்து போனார்கள்.

"டாட்டூவுக்கும் இதே கதைதான் ஜாய்சன். ஊசி போற இடமெல்லாம் காயம்தானே? நீயும் கேளு" என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கேட்டா யாரு அக்கா போட்டுப்பாங்க?" என்று சிரித்துவிட்டு அவன் மெஷினைத் துடைக்கப் போனான்.

ரமா மேடத்துக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. "ஷாயிஸ்தா, இது பார்லர். ஆஸ்பத்திரி இல்ல. வர்றவங்கள நீயே விரட்டிட்டா எப்படி?"

அந்த ஆடி மாதத்தில் சின்மயி வந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம். மேல் காதில் வளையம் போட வேண்டுமாம். தோளில் தடுப்பூசித் தழும்பு மெழுகு உருகி ஒட்டியதுபோல் மேடிட்டிருந்தது. ஷாயிஸ்தா கன்னை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"வேணாம்மா. உனக்கு வேணவே வேணாம்."

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் ஒண்ணும் ஆகலையே அக்கா?"

"அவங்க தோல் வேற, உன் தோல் வேற."

பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து ரமா மேடம் எழுந்து வந்தார். "நீ நகரு" என்றார். ஒரு நொடியில் குத்தி முடித்தார். கண்ணாடியில் பார்த்துச் சின்மயி சிரித்தாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். சின்மயியின் அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறி வந்தார். வளையம் இருந்த இடத்தில் கோலிக்குண்டு அளவுக்குச் சிவந்த கட்டி.

"யாரு குத்தினது? இங்க கன் ஷாட் போடறது நீதானே?" என்று நேராக ஷாயிஸ்தாவிடம் வந்தார். "பொண்ணு தூங்க மாட்டேங்கறா, ராப்பகலா சொறியறா. கையில சுத்தம் வேணாமா?"

ஷாயிஸ்தா ரமா மேடத்தைப் பார்த்தாள். அவர் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஷாயிஸ்தா பார்லரில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் துப்பட்டாவை விலக்கி இடது காதைக் காட்டினாள்.

"எனக்கும் இதே வியாதிம்மா. அழுக்கால வர்றது இல்ல."

அந்த அம்மாவின் கோபம் இன்னும் கூடியது. "உனக்கே இருக்கு, தெரிஞ்சே என் பொண்ணுக்குக் குத்தினியா?"

"நான் குத்தல! வேணாம்னு சொன்னதே நான்தான்!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஆமாம்மா, இந்த அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க" என்று சின்மயி முனகினாள்.

"வெட்டிட மட்டும் விடாதீங்க. நேரா தோல் டாக்டர்கிட்ட போங்க" என்று சொல்லி, ஷாயிஸ்தா தனக்கு ஊசி போட்ட டாக்டரின் நம்பரை எழுதிக்கொடுத்தாள். அந்த அம்மா தாளை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

பொழிச்சலூரில் வீட்டுக்குப் போனதும் கணவன் அசாரிடம் பொரிந்து தள்ளினாள். ஏசி மெக்கானிக்கான அவன் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டான். "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? வுட்டுட்டு வேற பார்லர் பாரேன்."

"எல்லா பார்லர்லயும் இதே கன்னுதாங்க கீது. அங்க கேக்கறதுக்கு நான்கூட இருக்க மாட்டேன்."

மறுவாரம் ரமா மேடம் ஒரு ஃபாரம் அச்சடித்து வந்தார். குத்திக்கொள்பவரும் டாட்டூ போட்டுக்கொள்பவரும் முழுச் சம்மதத்துடன் வந்திருக்கிறார்கள், எது நடந்தாலும் பார்லர் பொறுப்பில்லை. அவ்வளவுதான். "இனிமே எல்லாரும் கையெழுத்து போடட்டும். உன் கவலையும் தீர்ந்துது" என்றார்.

"என் கவலை அதுவா மேடம்? தழும்பு தடிக்கற உடம்புக்காரங்க குத்திக்கக் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு?"

இரண்டு நாள் சண்டை போட்டு அந்த ஒரு வரியைச் சேர்க்க வைத்தாள். ஃபாரத்தின் அடியில், எறும்பு எழுத்தில் வந்தது. அதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்ததால் தானே சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். சின்மயிக்கு ஐந்து ஊசி முடிந்து கட்டி கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

போன ஞாயிறு படப்பையிலிருந்து ஒரு பெண் காது குத்திக்கொள்ள வந்தாள். முழங்கையில் பழைய காயம் கயிறு மாதிரி தடித்திருந்தது. ஷாயிஸ்தா படித்துக் காட்டினாள். தழும்பைத் தொட்டுக் காட்டினாள். தன் காதையும் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே ஃபோனில் மணி பார்த்தாள்.

"புரியுது அக்கா. எங்க கையெழுத்து போடணும்? பஸ் போயிடும்."

ஷாயிஸ்தா பேனாவைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் தன் பையிலிருந்தே ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டாள். ரமா மேடம் எழுந்து வந்து கன்னை எடுத்தார்.